வெயில் வராத ஹாலுக்கு ஒரு செடி

மார்ச் 2, சனி

இன்று வானொலியில் ஒன்பது பேருக்குப் பதில் சொன்னேன். ஐந்து செடிகள் தண்ணீர் அதிகமாகிக் கெட்டவை. இலை மஞ்சளானதும் பயந்து இன்னும் ஊற்றுகிறார்கள், வேர் அழுகிவிடுகிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றவரைச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கச் சொன்னேன். கடைசியாக ஒரு பெண். "எங்க ஹால்ல வெயிலே வராது மேடம். எதை வச்சாலும் செத்துடுது." டிஃபன்பாக்கியா வைக்கச் சொன்னேன். அகலமான இலை, நடுவில் வெள்ளைத் தெளிப்பு, வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும். "சின்னக் குழந்தைகூட வளர்த்துடும்மா." அவள் சிரித்தாள். நிகழ்ச்சி நொடி பிசகாமல் முடிந்தது. பதினோரு வருடமாக இப்படித்தான் என்று தயாரிப்பாளர் எல்லோர் முன்னாலும் மெச்சினார்.

மார்ச் 10

ரோஜாக்களைக் கிளை வெட்டிக் கவாத்து செய்தேன். முதுகு வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தயாரிப்பாளர் போன் செய்தார். அந்தப் பெண்ணின் மகள், இரண்டு வயது, செடியின் தண்டைக் கடித்துவிட்டாளாம். நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு திணறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செடியின் பால் விஷம். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்!

"அங்க போயிடாதீங்க மேடம். எதையும் ஒத்துக்காதீங்க. வழக்கு கிழக்குன்னு வந்தா நிலையத்துக்குத்தான் தலைவலி" என்றார்.

மார்ச் 20

"நீயா ஊட்டிவிட்ட?" என்கிறார் வீட்டில் இவர். ஆறுதலாம்.

போன வருடம் பேத்தி வந்திருந்தபோது நம் வீட்டு டிஃபன்பாக்கியாவைத் தூக்கி அலமாரி மேல் வைத்தது யார்? நான்தானே. நம்ம பிள்ளைன்னா கை தானா போகுது. அடுத்தவங்க பிள்ளைன்னா?

மார்ச் 21

ஒலிப்பதிவைக் கேட்டேன். அவள் பேசும்போது பின்னால் ஒரு குழந்தையின் மழலை. தெளிவாகக் கேட்கிறது. அதற்கு மேல்தான் என் குரல் போகிறது — சின்னக் குழந்தைகூட வளர்த்துடும்மா.

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் குழந்தை இருந்தது.

மார்ச் 23, சனி

குழாயை எடுத்துவிட்டார்களாம். பிழைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சிக்குப் போனேன். ரோஜா இலையில் கரும்புள்ளி, தக்காளியில் இலைச்சுருள். குழந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் மனுஷிதானா?

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, இன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் பகலிலும் விளக்கு. செடி இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு கறை. குழந்தை அம்மாவின் தோளைவிட்டு இறங்கவில்லை. தட்டில் பச்சையாக எதைப் பார்த்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாளாம்.

"உங்கமேல கோவம் இல்ல மேடம்" என்றாள் அம்மாக்காரி, என் முகத்தைப் பார்க்காமல். "வீட்ல எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. ரேடியோவக் கேட்டு விஷத்த வாங்கிட்டு வந்தவன்னு."

என் தப்புதான், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றேன். சமையலறை வாசலில் நின்றிருந்த மாமியார் அப்போதுதான் பேசினார். "செடி வைன்னு ஊருக்கே கேக்கறமாதிரி சொன்னீங்க. தப்ப மட்டும் வீடு தேடி வந்து காதோட சொல்றீங்களே?"

என் போன் எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, சனி

முதல் அழைப்புக்கு முன்பே சொல்லிவிட்டேன். எந்தச் செடி, என்ன ஆனது, அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்காமலே சொன்னவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு கையையும் ஆட்டினார். ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. எந்த வார்த்தையில் அணைந்ததோ!

வீட்டில் இவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். "'ஒரு தப்பும் இல்லை' வரைக்கும் வந்துச்சு. அப்புறம் பாட்டு."

ஏப்ரல் 15

இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மே 11, சனி

நிகழ்ச்சி நேரமான பத்து மணி ஆனால் வீட்டுக்குள் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. என் இடத்தில் புதிதாக ஒருவர். குரல் நன்றாக இருக்கிறது. என் தொட்டிகளுக்கு நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. காயட்டும். "ஒரு வாய் சாப்பிடேன்" என்று இவர் தட்டோடு பின்னாலேயே வருகிறார். பாவம், இவருக்கு என்ன தலையெழுத்து.

மே 26

இல்லை. ஒன்றும் சரியாகவில்லை.

ஜூன் 8, சனி

காலையில் போன். அந்த மாமியார். சுற்றி வளைக்கவில்லை. "மாடில எலுமிச்சை. பூவெல்லாம் கொட்டுது. கடைக்காரன் ஒரு மருந்து குடுத்தான். அடிக்கலாமா?"

"பாப்பா மாடிக்கு வருவாளா?"

"வருவா. அதான் கேக்கறேன்."

"மூடியைத் திறக்காதீங்கம்மா. பார்க்காம சொல்லமாட்டேன். வரட்டுமா?"

"பின்பக்கப் படியால வாங்க. அன்னிக்கு மருமக கோவமில்லன்னு சொன்னா. இப்பத்தான் அவளுக்குக் கோவம் வருது. வரட்டும், விடுங்க."

போனேன். தொட்டியின் அடித்துளை மண்ணால் அடைத்துப்போய் உள்ளே சேறு. ஒரு குச்சியால் குத்திவிட்டதும் கறுப்புத் தண்ணீர் மளமளவென்று வெளியேறியது. மருந்து தேவையே இல்லை. மாமியார் தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

கீழே குழந்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்த வழியே இறங்கினேன்.