குளோரின் வாளியில் கல் உப்பு

அன்புள்ள தியெரி,

அம்மா எழுதுகிறேன். அங்கே நூமேயாவில் நீயும் உன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், ஆண்டவர் அதையாவது தரட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். உன் சித்தி மொனிக் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், வந்த அன்றே மருமகள் வைத்த சூப் சுத்தத் தண்ணீர் என்று சண்டை பிடித்தாளாம், அதனால் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிகிறது. பீச் மரங்கள் இந்த வருஷம் பூத்ததோடு சரி. பெர்ப்பினியான் பக்கமே மழை இல்லை, ஊர் மன்றத்தில் மறுபடியும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது, கார் கழுவக்கூடாது, நீச்சல் குளத்தைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பக்கூடாது.

குளம் என்றதும் நினைவுக்கு வருகிறது, நீ அனுப்பிய அட்டவணை கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் அச்சடித்துக் கொடுத்தாள். போன தடவை போனில் நம் வீட்டுக் குளத்துக்குச் செலவாகிறது என்று நான் வாய் தவறிப் புலம்பியதற்கு உன் நிக்கல் ஆலைக்குக் கணக்குப் போடுகிற மாதிரியே போட்டு அனுப்பியிருக்கிறாய். நாமே மருந்து வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டால் மின்சாரத்தோடு சேர்த்து வருஷத்துக்கு ஆயிரம் யூரோ, மாதாமாதம் ஆள் வைத்தால் ஆயிரத்து எழுநூறு, உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் இயந்திரமும் தரை துடைக்கும் ரோபோவும் வாங்கினால் முதலில் மூவாயிரம், பிறகு செலவு குறைவு, ஏழாவது வருஷம் போட்ட காசு திரும்பி வந்துவிடும், எனவே இயந்திரமே லாபம் என்று கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். கணக்கில் பிழை இல்லை, நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஏழாவது வருஷம் என்ற இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பாவுக்கு ஏழு வருஷமா, தியெரி. டாக்டரம்மா என்ன சொன்னாள் என்று உனக்கும் எழுதினேனே. அவருக்கு ஒரு வருஷம் கழித்து எது நினைவிருக்கும் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை, நீ இயந்திரத்தின் ஆயுளை வைத்துக் கணக்குப் போடுகிறாய். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் உன் மேல் இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், போனில் சொன்னால் அவர் பக்கத்தில் நிற்பார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் காப்பி குடித்ததும் வலையை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போவது அவர் வழக்கம், விழுந்து கிடக்கும் பைன் மரத்து ஊசி இலைகளை அள்ளுவார், குளோரினை அளந்து போடுவார், மோட்டாரைக் காதை வைத்துக் கேட்பார். மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய்விட்டன, கார் ஓட்டுவது போனது, சீட்டாட்டம் போனது, சட்டைப் பித்தான்கூட இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். குளம் மட்டும் போகவில்லை. ஆனால் போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போடுவார், மத்தியானம் இன்னொரு தடவை. வசந்த காலத்தில் ஒருநாள் நான் குளத்தில் கால்களை நனைத்துவிட்டு ஏறினேன், தோல் எரிந்தது, உன் அப்பாவின் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. தண்ணீரை மாற்றவும் வழியில்லை, நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கிறதே. குளங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜொர்தியைக் கூப்பிட்டேன், கட்டையாக, எப்போதும் வெயிலில் வெந்துபோன கழுத்தோடு இருப்பானே, அவன்தான். அவன் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல குளிக்க வேணாம், சாக்ஸ் வெளுக்கலாம்" என்றான்.

நீ சொல்கிற ரோபோவையும் பார்த்தாயிற்று. ஜொர்தி ஒன்றை இரவல் கொண்டுவந்து விட்டுப் போனான். அது தரையில் ஊர்ந்துபோவதைப் பார்த்ததும் உன் அப்பா பதறிப்போனார், "ஏ கிழவி, யாரோட நாயோ குளத்துல விழுந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே வலையை விட்டு இழுத்துப் போட்டார். புல்லில் வைத்துத் துண்டால் துடைத்துவிட்டார். மறுபடியும் இறக்கினோம், மறுபடியும் காப்பாற்றினார். மூன்றாம் தடவை ஜொர்தியே, "விடுங்க மேடம், இந்த மெஷினுக்கும் ஒரு மரியாத இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன், உன் அப்பாவும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார். இந்த வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

சரி, மருந்து வாளியை ஒளித்து வைத்துவிட்டு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால், வாளி இல்லாத அன்று அவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். கொட்டகை முழுவதும் தேடினார், துணி அலமாரியில் தேடினார், கடைசியில் என்னைத் திருடி என்றார். மத்தியானம் வரை அழுதார், தியெரி, குழந்தை மாதிரி இல்லை, வேலை போன ஆம்பளை மாதிரி. அதனால் இப்போது செய்வது என்னவென்றால், குளோரின் வாளியைக் கழுவி அதில் கல் உப்பை நிரப்பி வைத்திருக்கிறேன். அவர் பாட்டுக்கு அளந்து அளந்து போடுகிறார், எத்தனை தடவை போட்டாலும் யாருக்கும் கேடு இல்லை. அவர் மத்தியானம் தூங்கும்போது ஜொர்தி பின்வாசல் வழியாக வந்து நிஜ மருந்தைப் போட்டுவிட்டுப் போகிறான். "இன்னும் கொஞ்ச நாள் போனா இதுல ஆலிவ் ஊறப் போடலாம்" என்று கிண்டல் வேறு. ஆக ஆள் கூலியும் உண்டு, உப்புக் காசும் உண்டு, உன் அட்டவணையில் இந்த வழி இல்லை. இருக்கிற வழிகளிலேயே இதுதான் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

போன மாதம் விடியற்காலையில் அவர் உடுப்போடு குளத்தில் இறங்கிவிட்டார். அதை உனக்குச் சொல்லவில்லை. ஆழம் குறைந்த பக்கமாக இறங்கியதால் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தார், உதடு நீலம், நான்தான் கையைப் பிடித்துப் படிப்படியாக ஏற்றினேன். ஜொர்தியைக் கேட்டேன், வேலி போடுங்கள் என்றான். சின்னப் பிள்ளைகள் விழாமல் இருக்கப் போடுவார்களே, அதே வேலி, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையால் திறக்க முடியாதபடி தாழ்ப்பாளை ஒரு கையால் அழுத்தி மறுகையால் தூக்க வேண்டும். கடைக்காரன் அளவு எடுக்க வந்தபோது பேரப்பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. இரண்டாயிரத்து நானூறு யூரோ, அதையும் உன் அட்டவணையில் சேர்த்துக்கொள்.

வேலி போட்ட மறுநாள் காலை வலையோடு போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளை அழுத்தினார், தூக்கவில்லை. தூக்கினார், அழுத்தவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதவை ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை, இறங்கிப் போனேன். கல்யாணமான மறு வருஷமே, எனக்கு இருபத்து மூன்று வயதில், கிழவி என்று கூப்பிட ஆரம்பித்த மனுஷர், இத்தனை காலத்தில் என்னை ஒரு தடவைகூட மரியாதை கொடுத்துப் பேசியதில்லை, எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார், "மேடம், நீங்க மன்னிச்சுக்கணும், இந்தக் கதவ எப்படித் தெறக்கறதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உள்ள எனக்கு வேல இருக்கு." நீங்க என்றார், தியெரி. உங்களுக்கு என்றார். நான் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் உப்பை அளந்து போட்டார், ஊசிகளை அள்ளினார், நிதானமாக, முன்பு செய்தது போலவே. வெளியே வரும்போது மறுபடியும் தொப்பியைத் தொட்டு, "ரொம்ப நன்றிங்க, என் வீட்டுக்காரி வந்தா தண்ணி நல்லா இருக்கு, பயப்படாம எறங்கலாம்னு சொல்லிடுங்க" என்றார். சரிங்க, சொல்றேங்க என்றேன். நானும் மரியாதை கொடுத்துத்தான் பேசினேன், அந்த நேரத்தில் வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

அதிலிருந்து தினமும் இப்படித்தான். சில நாள் மதியத்துக்குள் என்னை அடையாளம் தெரிந்துவிடுகிறது, சில நாள் தெரிவதில்லை. நான் தெரியாத நாளிலும் குளம் தெரிகிறது, எனக்கு அதன் மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. குளத்தை மண் போட்டு மூட என்ன ஆகும் என்று ஜொர்தியிடம் கேட்டு வைத்திருக்கிறேன், ஒன்பதாயிரம் சொல்கிறான், அதன்பிறகு செலவே கிடையாது. அவர் என்றைக்குக் கதவுப் பக்கம் போகாமல் இருக்கிறாரோ அன்றைக்கு மூடிவிடலாம் என்று இருக்கிறேன். அந்த நாள் வந்தால் எனக்கு வேலை மிச்சம், பணமும் மிச்சம். டாக்டரம்மா இப்போது அடுத்த கோடைக்குள் வரலாம் என்கிறாள். வராமல் போகும் என்று நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. பணம் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, பணம் இருக்கிறது. வா என்றும் நான் கேட்கவில்லை, இருபத்தைந்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்து நீயும் அவர் வாயால் நீங்க என்று கேட்டுவிட்டுப் போக வேண்டாம் என்றுதான் சில சமயம் தோன்றுகிறது. வேறு சில சமயம், எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு ஆள் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று இருக்கிறது. உனக்கு எது முடியுமோ செய்.

வெயிலில் தொப்பி இல்லாமல் ஆலைக்குப் போகாதே. உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், அந்த ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் புத்தியும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, நான் யார் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று எடுத்ததும் கேட்காதே, அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். நீயே முதலில் உன் பெயரைச் சொல்லிவிடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஒதில்