என் கழுத்தில் தொங்கிய டிவி உறை

மதினி,

ஒரு துணி தேடித்தான் இன்று மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தேன். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். பாச்சா உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. பழைய சேலைகளுக்கு அடியில் அந்த ஊதாத் துணி கிடந்தது. ஒரு ஓரம் மட்டும் மடித்துத் தைத்து, நாடா கோர்க்க வழி விட்டிருக்கிறது. மற்ற மூன்று ஓரமும் தைக்காமல் நூல் பிரிந்து தொங்குகிறது. டிவிப் பெட்டிக்கென்று நீங்கள் வெட்டி, பெட்டிமேல் ஒரு நாள்கூடப் போடாத உறை. அதை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முன்னறையில் மருமகள் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மணிச்சத்தம், அதே புல்லாங்குழல், சாமி முன்னால் நின்று ஒருத்தி அழுகிறாள். இத்தனை வருசத்தில் டிவிப் பெட்டி தட்டையாகிவிட்டது, கலர் வந்துவிட்டது. ஆனால் அழுகிறவளும் மாறவில்லை, அவளுக்குச் சொல்கிற புத்தியும் மாறவில்லை. நீங்கள் இருந்திருந்தால் பெட்டியைப் பார்த்து அந்த நிமிசமே வாயைத் திறந்திருப்பீர்கள்.

உங்களை அடக்கம் பண்ணிய அன்றைக்கு, புதிதாக வந்திருந்த குருவானவர் உங்களைப் பற்றிப் பேசினார். பொறுமையும் அடக்கமும் நிறைந்த சகோதரி என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நான் தேம்புகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். உங்களையா மதினி? பொறுமைசாலி என்று? அந்தப் பேச்சைத் திருத்தாமல் விட எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டுத் திருச்சுழிப் பக்கம் வந்தபோது, கண்மாய் காய்ந்து சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். உங்கள் தம்பி நரிக்குடிப் பக்கமிருந்து கரி லோடு அடிக்கிற லாரி ஓட்டினார். நீங்கள் இரண்டு வீடு தள்ளித் தையல் மெசின் போட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டு அண்ணனுக்கு அருப்புக்கோட்டையில் மில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு கறுப்பு வெள்ளை டிவியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாரே, அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் தெருப் பெண்கள் எல்லாரும் உங்கள் வீட்டில்தான்.

அந்தத் தொடரின் நாயகி பேர் அன்னலட்சுமி. குடிகாரப் புருசன் அடிப்பான். அவள் கோயில் கோயிலாகப் போய் அழுவாள். சாமியார் ஒருவர் வந்து, இது போன பிறவியின் பாக்கி, அழுதுதான் தீர்க்க வேண்டும் என்பார். ஒவ்வொரு வாரமும் முடியும்போது ஆகாயத்திலிருந்து ஒரு குரல் வந்து, அவளுடைய கண்ணீர் இன்னும் போதவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்லும். நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவோம்.

நீங்கள் மட்டும் மெசினை மிதித்துக்கொண்டே பெட்டியோடு சண்டை போடுவீர்கள். வேதத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டதற்கு, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார், இந்தச் சாமியார் எந்தக் கணக்கைப் பார்த்துப் பாக்கி சொல்கிறார் என்பீர்கள். வரி வசூலித்தவன் ஒருவன் மரத்திலிருந்து இறங்கி வந்து, அநியாயமாக வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தானே, அதல்லவா மனம் திரும்புவது, இந்தப் புருசன் இன்னும் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கக் காணோமே என்பீர்கள். சும்மா இருங்க மதினி, வசனம் கேக்கலை என்று உங்களை அதட்டியது நான்தான்.

பலசரக்குக் கடை அக்காவுக்கு உங்கள் பேச்சு வருத்தமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். அவர்கள் வெள்ளி செவ்வாய் தவறாமல் அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர்கள். ஒருநாள் அவர்களே வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்கள்: "எங்க அம்மன் கையில சூலம் அழகுக்கா இருக்கு? இந்தக் கதையில சாமி அடிக்கிறவன விட்டுட்டு அடிபட்டவளுக்குல்ல புத்தி சொல்லுது." அன்றைக்கு நீங்கள் மெசினை நிறுத்திவிட்டு அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள்.

எனக்கு அந்தத் தொடர் பிடித்திருந்தது, மதினி. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி லோடு இறக்கிவிட்டுக் குடித்துவிட்டு வருகிற நாளெல்லாம் எனக்கு அடிதான். அன்னலட்சுமி அழும்போது, நமக்கும் ஒருநாள் குரல் கேட்கும் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே தேங்காய் உடைப்பாள், நான் ஜெபத்தில் முழங்கால் போடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம். நானும் ஒரு அன்னலட்சுமி என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வருசம் லெந்து நாட்கள் நெருங்கின. சிலுவைப் பாடுகளை நினைத்து ஒடுக்கமாக இருக்க வேண்டிய நாற்பது நாளும் டிவி உள்ள வீடுகள் பெட்டியை மூடி வைக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. லெந்துக்கு ஊதாதான் நிறம், ஊரில் தையல்காரி நீங்கள்தான். வீரசோழனிலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வருகிற பாய், ஊதாத் துணியாகவே எடுக்கிறீர்களே என்று விசாரித்தார். விசயத்தைச் சொன்னதும், எங்களுக்கும்தான் நோன்பு வருது, ஆனா நாங்க வாயத்தான் கட்டுவோம், பொட்டியக் கட்ட மாட்டோம் என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். ஆனாலும் சொன்ன சொல்லுக்கு எல்லா வீட்டுக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு உறையைக் கடைசியாக வைத்திருந்தீர்கள்.

அந்த வியாழக்கிழமை பெண்கள் கூட்டம் நடந்ததே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. எங்கள் சபையைக் கவனித்த உபதேசியாரின் வீட்டம்மாதான் கூட்டத்தை நடத்தினார்கள். ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்றதும், ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாட்டுக்குச் சீக்கு, இப்படி ஒவ்வொன்றாக வந்தது. பிறகு எங்கள் தெரு எஸ்தர் எழுந்து, லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்குப் பெட்டியை மூடிவிடுவோம், முடிவு தெரியாமல் போய்விடும், அதற்குள் அன்னலட்சுமி புருசன் திருந்த வேண்டும் என்று எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாவம். உபதேசியார் வீட்டம்மாவும் கண்ணை மூடி, அந்தக் குடும்பத்தின்மேல் மனமிரங்கும் ஆண்டவரே என்று தொடங்கிவிட்டார்கள். நாங்கள் அத்தனை பேரும் உருகி உருகி ஆமென் சொன்னோம்.

உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். அப்படியே என் பக்கம் திரும்பினீர்கள். நான் அன்னலட்சுமிக்காக அழுது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை தூக்கியதில் ரவிக்கைக் கைக்குக் கீழே இருந்த கன்றிப்போன தடம் தெரிந்துவிட்டது. உங்கள் சிரிப்பு அப்படியே நின்றது.

"இல்லாத பொம்பளைக்கு ஊரே அழுவுது. இருக்கிறவ இந்தா உக்காந்திருக்கா" என்றீர்கள்.

நான் அடிபடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடுத்த பாட்டு எது என்று உபதேசியார் வீட்டம்மா கேட்டார்கள், பாடிவிட்டுக் கலைந்தோம்.

சனிக்கிழமை காலையில் உங்கள் தம்பி விறகுக் கட்டையால் அடித்ததில் என் இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். நீங்கள் உங்கள் வீட்டு உறையைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். மெசினிலிருந்து துணியை உருவி, நூலைப் பல்லால் கடித்து, கையை அதில் ஏந்தி என் கழுத்தில் கட்டினீர்கள். பிடரியில் முடிச்சு இருந்தால் உறுத்தும் என்று தோளோரமாகத் தள்ளி முடிந்தீர்கள். பஸ் ஏறித் திருச்சுழி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பினோம். மாவுக்கட்டின் கனத்தையும் அந்தத் துணிதான் தாங்கியது. அன்று ராத்திரி பிள்ளையோடு உங்கள் வீட்டில்தான் படுத்தேன்.

அதற்குள் சபைப் பெரியவர்கள் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் உங்கள் தம்பியும் முன்னால் முழங்கால்படியிட வேண்டும், உபதேசியார் ஜெபிப்பார், பிறகு நான் உங்கள் தம்பியோடு வீட்டுக்குப் போக வேண்டும். சமாதானமாம். அந்த வீட்டுக்குத் திரும்பினால் அடுத்தது கையோடு போகாது என்று தெரியும். போக மாட்டேன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

மறுநாள் சபைக் கோயில் வாசலில் துணி தெரியாமலிருக்க முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். நீங்கள் அதை விலக்கி இடுப்பில் செருகிவிட்டீர்கள். தெருவில் பாதி வீட்டு டிவிக்கு அதே துணியில் உறை. என் கழுத்தில் கிடப்பது என்ன என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உங்கள் தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார்.

உபதேசியார் பிரசங்கத்தில் டிவியைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தோம். அவரோ அன்னலட்சுமியைப் புகழ்ந்தார். வீட்டம்மா சொல்லித் தெரிந்துகொண்டாராம். ஆண்டவரை அறியாத ஒருத்தியே இவ்வளவு பொறுமையாக இருந்தால், நம் பெண்கள் எவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டும், கண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், ஒருநாள் தேவன் மனமிரங்குவார் என்றார். ஆகாயத்துக் குரல் பேசியதற்கும் அவர் பேசியதற்கும் ஒரு சொல் வித்தியாசம் இல்லை. பெட்டியை மூட ஊதாத் துணி எடுத்த சபை, பெட்டி சொன்னதையே பீடத்திலிருந்து சொன்னது.

பிரசங்கம் முடிந்து, சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார். பாம்புக்குத் தப்பியவர்கள், பரீட்சையில் தேறியவர்கள் எழுந்து நன்றி சொல்கிற நேரம். நீங்கள் எழுந்தீர்கள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இவ கைய ஒடிச்சது என் கூடப் பிறந்தவன். அந்தா முன்னால உக்காந்திருக்கான். அழுது தீருன்னு டிவிக்காரன் சொல்றான். அதத்தான் நீங்களும் சொல்றீக, சாமி பேர மட்டும் மாத்திக்கிட்டீக. என் ஆண்டவரு கண்ணீர அளந்து வாங்கிக்கிட்டு இரக்கம் விக்கிறவரு இல்ல. அவரு சிலுவையில தொங்குனது ஒரு தடவ. வீட்டுக்கு வீடு ஒருத்தியத் தொங்கவிடச் சொல்லல."

உபதேசியார், அம்மா இது சாட்சி நேரம், குற்றம் சொல்கிற நேரம் இல்லை என்றார். நீங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே, எந்திரி. முழங்கால் போடணும்னா நீ போடு. அவ நிக்கட்டும்."

உங்கள் தம்பி எழுந்தார். ஒரு நிமிசம், முழங்கால் போட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். வெளியே போய்ச் செருப்பைத் தேடி மாட்டினார். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. நீங்கள் என் நல்ல கையைப் பிடித்து, நடு வழியாக, எல்லாரும் பார்க்க, என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்.

உங்களைச் சும்மா விட்டார்களா? கூடப் பிறந்தவனைச் சபையில் வைத்து அவமானப்படுத்தினவள் என்றார்கள். அந்த வருசம் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்கு உங்களை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்தார்கள். கமிட்டி ஆள் வந்து, உங்கள் வீட்டுப் பெட்டி மட்டும் ஏன் மூடவில்லை என்று கேட்டார். எங்க வீட்டு உறை அவ கழுத்துல கிடக்கு, கை கூடுனதும் போட்டுருதேன் என்றீர்கள். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஜெபித்தும் அன்னலட்சுமி புருசன் சாம்பல் புதனுக்குள் திருந்தவில்லை. லெந்து நடுவில்தான் கடைசி வாரம் வந்தது. கிறிஸ்தவர்கள் தெருவில் திறந்திருந்தது உங்கள் பெட்டி ஒன்றுதான். என் கையைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எஸ்தர் வந்தாள். உபதேசியார் வீட்டம்மாவும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, சுவரோரம் உட்கார்ந்தார்கள். நீங்கள் யாரையும் ஒன்றும் சொல்லாமல் பாய் விரித்தீர்கள். திரையில் ஒளி வந்தது, குரல் வந்தது, புருசன் திருந்திவிட்டான். அன்னலட்சுமி ஓடிப் போய் அவன் காலில் விழுந்தாள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

"விழ வேண்டியவன் நிக்கான்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெசினை மிதிக்கத் தொடங்கினீர்கள். சுவரோரம் இருந்த உபதேசியார் வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு, ஆமா என்றார்கள்.

உங்கள் தம்பி திருந்தவில்லை, மதினி. திருந்துவார் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அருப்புக்கோட்டைக்கு வந்தேன், மில்லில் நூல் சுற்றினேன், பிள்ளையை வளர்த்தேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அடிவாங்குவதுதான் அவருக்குப் பிரியம் என்று சொல்லுகிறவர்களைத்தான் இன்றுவரைக்கும் நம்பியதில்லை.

தகரப் பெட்டியைத் திறந்த விசயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரு பெண், மருமகள் வயசு. புருசன் முறுக்கியதில் தோள் இறங்கி, நேற்று இங்கே வந்துவிட்டாள். இவளையும் பொறுமையாக இருக்கச் சொல்லி, நாளைக்கு ஆராதனை முடிந்ததும் ஜெபித்து அனுப்பப் போகிறார்களாம். இப்போது சாட்சி சொல்ல மைக் வைத்திருக்கிறார்கள். முதல் ஆளாக நான் எழுந்திருக்கப் போகிறேன். உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன், பொறுமைசாலி என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஊதாத் துணியை உதறி அவள் கையை ஏந்திக் கட்டினேன். முடிச்சைப் பிடரியில் விடாமல் தோளோரமாகத் தள்ளி வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாளைக்குச் சபையில் எல்லாரும் பார்ப்பார்களே அத்தை, முந்தானையைப் போர்த்திக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

கோயில் வாசலில் என் முந்தானையை விலக்கிவிட்டு நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

"பாக்கட்டும்னுதான் கட்டியிருக்கு."