வலப்பக்கத்துக் கருங்காலி

2011 மார்ச் 7, திங்கள்

குமராட்சி வீடு இன்று லாரியில் வந்து இறங்கியது, கழற்றிய மரமாக. சிதம்பரம்–புவனகிரி சாலையில் எங்கள் திறந்தவெளிக் காட்சியகத்துக்கு இது ஏழாவது மரவீடு. பதிவேடு என் பொறுப்பு. எந்த மரம் எங்கே நின்றது என்று எழுதி வைக்காவிட்டால் வீடு வெறும் விறகுதான்.

வீட்டைக் கொடுத்த சௌந்தரம் அம்மாள் சொல்லி நான் குறித்தது: கூடத்தில் எட்டுத் தூண். ஏழு தேக்கு. வலப்பக்கம், வாசலிலிருந்து மூன்றாவது மட்டும் கருங்காலி. எல்லாமே எண்ணெய் ஏறிக் கறுத்துப்போனதால் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டைக் கழற்றிய தச்சு மேஸ்திரி சாமிக்கண்ணுவுக்கும் தெரியும். அதுதான் உதைக்கிறது.

மார்ச் 19, சனி

சாயங்காலம் மினிபஸ்ஸில் ஏறும்போது சாமிக்கண்ணு கையில் நீளமாக ஒரு சாக்குச் சுருட்டல். என்ன மேஸ்திரி என்றேன்.

"முழக்கோலும்மா, அளவெடுக்கறது. இத எங்கயும் வுட்டுட்டுப் போமாட்டேன்."

அளவுகோலுக்குச் சாக்கு எதற்கு?

ஏப்ரல் 6, புதன்

புவனகிரியில் சாமிக்கண்ணு சொந்தமாக வீடு கட்டுகிறாராம். வாசற்கதவு வைத்தாயிற்றாம். என்ன மரம் என்று கேட்டால் வாட்ச்மேன் சிரிக்கிறார். இவர் ஏன் சிரிக்க வேண்டும்? இவருக்கும் பங்கா?

வீட்டில் சொன்னால் அன்பரசு, "நீ ஆபீஸ்ல இருக்க வேண்டியவளே இல்ல, ஸ்டேஷன்ல இருக்கணும்" என்கிறார். கிண்டல் செய்யட்டும். மரம் காணாமல் போனால் கையெழுத்துப் போட்டவள் நான். வேலை போவது எனக்கு, கட்டிய கணவருக்கு இல்லை.

ஏப்ரல் 21, வியாழன்

வீடு எழுந்து நிற்கிறது. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வாசலில் நின்று வலது வரிசையை எண்ணினேன். மூன்றாவது தூணின் அடியில் பேனாக்கத்தியால் கீறினேன். உள்ளே மஞ்சள். தேக்கு! கருங்காலி என்றால் உள்வரை கறுப்பாக அல்லவா இருக்கும்?

கத்தியை மடக்கினேன். பயம் பாதி, சந்தோஷம் பாதி. ஆமாம், சந்தோஷந்தான். என் சந்தேகம் சரியாகிவிட்டதே.

ஏப்ரல் 25, திங்கள்

இயக்குநர் ஞானசேகரன் சாரிடம் எழுதிக் கொடுத்தேன். அவரே வந்து கீறலைப் பார்த்துவிட்டு சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"கருங்காலி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு சார். உள்ள வந்து பாருங்க." திரும்பத் திரும்ப இதையே சொன்னார். உள்ளே போய் என்ன பார்ப்பது? கீறின இடம் கண்ணெதிரே இருக்கிறது. சமாளிக்கப் பார்க்கிறார்.

கேட்டில் அவர் பையைத் தரையில் கொட்டிச் சோதித்தார்கள். உளி, இழைப்புளி, சாப்பாட்டுத் தூக்கு. சாக்கைப் பிரித்தார்கள். முழக்கோல்தான். ஒவ்வொன்றாகத் தானே பொறுக்கிக்கொண்டு போனார். நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

தூண் பைக்குள் இருக்காது என்று எனக்கும் தெரியும். தடுக்கவில்லை.

ஜூன் 30

சாமிக்கண்ணுவின் வீட்டு வேலை பாதியில் நிற்கிறதாம். கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 31, சனி

நேற்று விடியற்காலையில் புயல். முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு கரண்ட் கம்பம்கூட நிற்கவில்லை. நாங்கள் பிழைத்தோம். காட்சியகம் என்ன ஆனதோ.

2012 ஜனவரி 4, புதன்

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் காட்சியகத்துக்குப் போனேன். குமராட்சி வீட்டின் மேல் வேப்பமரம் சாய்ந்து கிடக்கிறது. இடது வரிசையில் ஒரு தூண் பிளந்திருந்தது. பிளந்த இடம் கறுப்பு. உள்வரை கறுப்பு.

எண்ணினேன். வாசலிலிருந்து மூன்றாவது.

உள்ளே போய்க் கூடத்தில் நின்று வாசலைப் பார்த்துத் திரும்பினேன். இப்போது அது என் வலப்பக்கம்.

சௌந்தரம் அம்மாளுக்குப் போன் போட்டேன். "நாங்க கூடத்துல ஒக்காந்து வாசலப் பாத்துதானம்மா வலம் எடம் சொல்லுவோம். கோயில்லயும் சாமிக்கு வலப்பக்கம்னா சாமியோட வலப்பக்கந்தானே."

நான் வாசலில் நின்று எழுதியவள். உள்ள வந்து பாருங்க, உள்ள வந்து பாருங்கன்னு அந்த மனுஷன் எத்தன தடவ சொன்னாரு. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான்.

ஜனவரி 5

பிளந்த தூணைப் புயல் குப்பையோடு தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்? இப்படியும் யோசிக்கிறேன். இப்ப யாரு திருடி?

ஜனவரி 9, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு இனி டிக்கெட் கவுண்டர். சாமிக்கண்ணுவைக் கூப்பிட அவரே புவனகிரிக்குப் போகிறார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

மார்ச் 11, ஞாயிறு

குமராட்சி வீடு மறுபடி எழுந்துவிட்டது. சாமிக்கண்ணு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "செரிம்மா" என்றார். அதன் பிறகு தினமும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போவார், கவுண்டர் பக்கம் திரும்பாமல்.

இன்று மனைவியை அழைத்து வந்தார். கவுண்டரில் காசை நீட்டி "ரெண்டு" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி டிக்கெட்? நீங்க நிறுத்துன வீடு."

"குடும்மா. கையில சீட்டு இருக்கட்டும். வெளிய போறப்ப யாராவது கேட்டா காட்டணுமில்ல."

கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் யாரென்று வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது.