திரைக்குப் பின்னால் நாலு சீட்டு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடது கால்கூட இப்போதைக்கு அடங்கி ஒடுங்கிச் சுகமாகத்தான் இருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பா மாடிக் குழாயைத் தானே சரி செய்கிறேன் என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஒரு இடத்தில் ஒழுகியதை மூன்று இடத்தில் ஒழுக வைத்துவிட்டு, அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று குழாய்க்காரரிடம் சாதித்துக்கொண்டிருக்கிறார். உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், அவனைக் காலையில் எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது, எழுந்தபிறகு ஏன் முன்பே எழுப்பவில்லை என்று என்மேலேயே பாய்கிறான். போகட்டும். நீ போனில் கேட்டாய், பிரசவத்துக்கு என்னையும் உன் மாமியாரையும் போன தடவை மாதிரியே ஒரே விமானத்தில் வரவழைக்கட்டுமா, உன் பாயின்ட்டில் இந்தத் தடவையும் எனக்கு முன்சீட்டு போடட்டுமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், வயிற்றுப்பிள்ளைக்காரியை அழ வைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். போன தடவை திரும்பி வரும்போது நடந்ததை முதலில் கேள், நான் வருவேனா மாட்டேனா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்து கதவைச் சாத்திவிட்டு என் காதில் சொன்னாய், அம்மா, நாளைக்கு நீ வீடு போய்ச் சேர்ற வரைக்கும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம், உனக்கு முன்னால சீட்டு மாத்தியிருக்கேன் என்று. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களை ரிப்பேர் பார்க்க ஊர் ஊராகப் பறந்து, விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி நீ சேர்த்த பாயின்ட்டை விமானக் கம்பெனிக்குக் கொடுத்து மாற்றிய சீட்டு. என் கால் எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவள் நான், கெண்டைக்காலில் நரம்பெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, இவ்வளவு தூரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பறந்தால் ரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். அங்கே வந்து இறங்கியபோது செருப்புக்குள் போகாத என் காலைப் பார்த்துவிட்டுத்தானே நீ அழுதாய். அதற்காகத்தானே சீட்டை மாற்றினாய். அன்று எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, வாழ்நாளெல்லாம் மற்றவர்களை உள்ளே தள்ளி உட்காரச் சொன்னவளுக்கு மகள் ஒரு சீட்டு பிடித்துக் கொடுத்துவிட்டாள் என்று.

மறுநாள் உனக்கு வெளியூரில் வேலை, நீ போய்விட்டாய். மாப்பிள்ளைதான் எங்கள் இரண்டு பேரையும் காரில் கொண்டுவந்து விட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் உன் பாயின்ட் கணக்கைத் தன் போனில் காட்டி என்னவோ பேசினார், பிறகு இரண்டு அட்டைகளோடு திரும்பி வந்து முன்சீட்டு அட்டையைத் தன் அம்மா கையில் கொடுத்தார். நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார், அத்தை, நீங்க எங்க வேணாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க, பஸ்ஸில நின்னே பழக்கப்பட்டவங்க, அம்மாவுக்குத்தான் இதெல்லாம் ஆகாது என்று. உன் மாமியாரும் விட்டாரா, ஆமா சம்பந்தி, உங்களுக்கு எந்தச் சீட்டும் ஒண்ணுதானே என்று சொல்லிக்கொண்டே தன் கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டார். அது உனக்குத் தெரிந்த பழக்கம்தான், நாங்கள் எங்கே போனாலும் அந்தப் பை என் தோளில்தான் வரும். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் வீட்டுக்கு வந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ என்று நினைத்துக் கோபத்தை அடக்கிக்கொண்டேன். அடக்கிக்கொண்டேனே தவிர மறக்கவில்லை, கறுவிக்கொண்டேதான் விமானத்தில் ஏறினேன்.

முன்பக்கம் உன் மாமியாரைக் கைகூப்பி வரவேற்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள், எங்களைப் பின்னால் போகச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார்கள். என் சீட்டு இரண்டு தடியன்களுக்கு நடுவில். நான் உட்காரவே இல்லை. கூட்டத்தில் எந்தச் சீட்டு நிரம்பும் எது நிரம்பாது என்று ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்கிறவளிடம் போய் அட்ஜஸ்ட் செய்துகொள்வீர்கள் என்று சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை, செய்துகாட்டினால் போயிற்று என்று கழிப்பறை வாசலில் நின்று ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக்கு நாலு வரிசை முன்னால், நடுவில் இருக்கும் நாலு சீட்டும் காலி. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் போய் அதில் என் துண்டைப் போட்டேன். தாடி வைத்த ஒருத்தனும் அதே வரிசையைக் குறிவைத்து வந்திருந்தான், துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். பணிப்பெண்ணிடம் காலைக் காட்டினேன், தாராளமா படுத்துக்கங்க அம்மா, ப்ளேன் மேல போனதும் படுங்க என்று அவளே கைப்பிடிகளையெல்லாம் தூக்கிவிட்டு நாலு தலையணையும் நாலு போர்வையும் கொண்டுவந்து கொடுத்தாள். நீயும் இப்படி அலைகிறவள்தானே, ஒன்று தெரிந்துகொள், பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டால் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். தலைக்கு இரண்டு தலையணை, இடுப்புக்கு ஒன்று, காலை உயர்த்தி வைக்க இரண்டு வேண்டியிருந்தது, ஒன்றுதான் மிச்சம் இருந்தது. உன் மாமியாரின் கைப்பை சரியான உயரம். அதன்மேல் தலையணையைப் போட்டு அதன்மேல் என் இடது காலைத் தூக்கி வைத்தேன். இறங்கும்போதுதான் முன்சீட்டு எப்படி இருக்கும் என்று பார்த்தேன், படுக்கிறது உண்மைதான், ஆனால் பெட்டி மாதிரி ஒரு இடுக்கு, காலை ஒரு பொந்துக்குள் சொருகிக்கொள்ள வேண்டும், என்னைப் போலப் புரண்டு படுக்க முடியாது.

இனிமேல்தான் விஷயம். அந்தக் கைப்பைக்குள் உன் மாமியாரின் பல் செட்டு இருந்தது. அந்த அம்மாவுக்குப் பல் செட்டு இருப்பதே உனக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது, உன் வீட்டுக் குளியலறையில் ஒருநாள் கதவைத் தட்டாமல் திறந்த எனக்கு மட்டும்தான் தெரியும். புதுசு போலிருக்கிறது, ஈறு வலிக்கிறது என்று ஆள் இல்லாதபோதெல்லாம் கழற்றிவிடுவார். பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்திருந்தபோது சால்வையால் வாயை மூடிக்கொண்டு கழற்றி டப்பாவில் போட்டு, என் தோளில் இருந்த பைக்குள்ளேயே அதைச் செருகியதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். பை என் தோளில் இருப்பது முன்னால் போய் உட்கார்ந்து, சாப்பாடு வந்தபிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பீங்கான் தட்டு, துணி விரிப்பு, என்னென்னவோ வகை, ஒன்றையும் மெல்ல முடியாது. பணிப்பெண்ணை அனுப்பிப் பையைக் கேட்கலாம், ஆனால் அவள் எதற்கு என்று கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டுமே. அதனால் தானே திரையை விலக்கிக்கொண்டு பின்னால் தேடி வந்தார்.

நான் தூங்கவில்லை, மகளே. சால்வை வாயோடு அவர் வருவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் வந்து நின்று, ஷம்பந்தி, ஷம்பந்தி என்று மெல்லக் கூப்பிட்டார். நான் குறட்டை விட்டேன். என் காலுக்கு அடியில் பையின் பிடி தெரிந்திருக்கும், ஆனால் என் காலைத் தொட்டுத் தூக்கி எடுக்க அந்த அம்மாவின் கௌரவம் இடம் கொடுக்குமா. நின்றார். விமானம் ஆடியது, சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு வண்டி வந்தது, ஒதுங்கி நின்றார், தாடிக்காரன் கழிப்பறைக்குப் போனான், அவனுக்கும் ஒதுங்கி நின்றார். நின்று பழக்கம் இல்லாதவர், பாவம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் எனக்குப் பாவமாக இல்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பேன். மனசு குளிர்ந்து போயிற்று. முன்பக்கத் தட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று தோன்றியபிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, அடடா, எழுப்பியிருக்கக் கூடாதா சம்பந்தி என்று பையை எடுத்துக் கொடுத்தேன். பையை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா, அங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல என்று கேட்டார். டாக்டர் காலை மடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், உங்களுக்குத்தான் முன்னால நல்ல சீட்டு இருக்கே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் பையோடு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இறங்கியபோது என் கால் செருப்புக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பா வந்து பார்த்துவிட்டு, நீ படுத்துக்கிட்டே வந்தியா என்று அதிசயப்பட்டார். அந்த அம்மா பசியில் வாடி வதங்கி வந்தார், இருந்தும் வீடு வீடாகப் போய், என் மகன் எனக்காகப் பார்த்துப் பார்த்து முன்சீட்டு போட்டுக் கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மகனாம், பார்த்துப் பார்த்தாம். உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. பல் செட்டு விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை, என் நாக்கு எத்தனை நாள் பொறுக்கும் என்று எனக்கே தெரியாது.

என் பங்குக்கு அந்த அம்மாவிடம் நான் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டேன். ஆனால் என் கோபம் தீரவில்லை, ஏன் என்று கேள். கவுன்ட்டரில் அட்டையை வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை உனக்குப் போன் செய்தார். பெட்டிகளைத் தள்ளுகிற கையோடு போனை வண்டியின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார், நான் கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எங்கம்மாவுக்கே முன்சீட்டு கொடுத்திடலாமா, சரிதானே என்று கேட்டார். சரி, நான் சொன்னேன்னு எங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம் என்று நீ சொன்னாய். மாப்பிள்ளை பிடுங்கினார் என்றால் எனக்கு வலிக்காது, பிடுங்குகிறவர்களைத் தினமும் பஸ்ஸில் பார்த்தவள் நான். உன் உழைப்பில் வந்தது, உன் அம்மாவின் காலுக்காக நீ எடுத்து வைத்தது, அதை விட்டுக்கொடுக்க உனக்கு ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வந்து இறங்கியபிறகு நீ எத்தனை தடவை போன் செய்தாய், முன்சீட்டு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே, நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

நான் பிரசவத்துக்கு வருகிறேன். உன் மாமியாரோடு இல்லை, அவருக்கு முன்னால் வருகிறேன், என் பென்ஷனில் பின்சீட்டு டிக்கெட் தம்பி எடுத்துவிட்டான். உன் பாயின்ட்டில் ஒன்றைக்கூட எனக்காகத் தொடாதே, தொட்டால் திரும்பிப் போய்விடுவேன். உன் கணக்கின் ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்று. வந்தபிறகு மாப்பிள்ளை உன்னிடம் எதையாவது சரிதானே என்று கேட்கும்போதெல்லாம் நான் எதிரில் உட்கார்ந்து உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், பழிவாங்குவது என்றால் இனிமேல் எனக்கு அதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமான பெட்டியைத் தூக்காதே, இடது பக்கமாகப் படு. நீயும் உன் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், யார் முன்னாலும் வாய் அடைத்துப் போகாமல் இருக்க வேண்டும். படித்ததும் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு, மறக்காதே. படித்தாரா என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கேட்பேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரைப் போட்டுப் பதில் சொல்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா