ஆர்த்திகா கேட்ட சொல்

தேற்றாத்தீவு
14.10.2009

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், லண்டன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், எண்ணெய் பூசச் சொன்னால் மணக்குதாம்.

மகள், ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை முடிந்த கையோடு ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டரும், இங்கிலீஷ் சொல் படிக்கிற வினாடி வினா விளையாட்டும் தந்தது. விடை சரியென்றால் படத்தில் உள்ள தோணி கரைக்கு வரும், பிழையென்றால் தோணி கவிழ்ந்து அதிலிருக்கிற பொடியன் தண்ணீரில் தாழ்ந்து போவான், அதற்கொரு சிரிப்புச் சத்தம் வேறு. சுனாமி அடித்த ஊருக்குக் கொண்டுவருகிற விளையாட்டா இது? பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. மேசன் இராசதுரையின் மகள் ஆர்த்திகா தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள். அந்தப் பொடியன் தாழக்கூடாதென்று அவள் எல்லாச் சொல்லையும் பாடமாக்கி வைத்திருக்கிறாள். முதலாம் இடம் அவளுக்குத்தான். விளையாட்டின் வெற்றியென்று நிறுவனக்காரர் அவளைப் படமும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போன கிழமை நிறுவனத்திடமிருந்து மாணவர்களின் கருத்தைக் கேட்கிற படிவம் வந்தது, இங்கிலீஷில்தான் நிரப்ப வேண்டுமாம். இப்போதுதான் சொல் படிக்கிற பிள்ளைகள் எதை எழுதும்? நல்லதாக எழுதாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதிபர் பயந்தார். நானும் வெட்கமில்லாமல், மிக நல்லது, மகிழ்ச்சியாகப் படிக்கிறோம் என்று இங்கிலீஷில் பலகையில் எழுதினேன், முப்பத்திரண்டு பிள்ளைகளும் பார்த்து எழுதினார்கள். ஆர்த்திகா மட்டும் எழும்பி, "சேர், எனக்கு இது புடிக்கல்ல எண்டு இங்கிலீசில எப்பிடி எழுதுற?" என்று கேட்டாள். "அது உனக்குத் தேவல்ல புள்ள, பலகையில கிடக்கிறத எழுது" என்று சொன்னது உன் அப்பாதான். இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த வாய். தூ.

அந்தப் படிவங்களைக் காட்டி வருகிற வருஷம் கதிரவெளி வரைக்கும் உள்ள கடற்கரைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இதே விளையாட்டைக் கொடுக்கப் போகிறார்களாம். அதனால் பிள்ளைகளைத் தமிழில் திரும்ப எழுதச் சொன்னேன், தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். நிலோஜன் என்கிற பொடியன், "விளையாட்டு நல்லம், சொல் மனசில நிக்குது, தோணிக்குப் பதிலா மாட்டுவண்டில் போடட்டும்" என்று எழுதியிருக்கிறான். உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் மாற்றி அங்கே லண்டனில் உள்ள அந்த நிறுவனத்தின் தலைமைக் காரியாலயத்தில் நீயே நேரில் கொடு. சீனி போட்டு எழுதாதே.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, ஆர்த்திகாவின் தாளில் நீ கை வைக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை அவள் கேட்ட அந்த வசனத்தைப் பலகையில் எழுதிக் கொடுத்தேன், அவளே இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்.

அன்பு அப்பா
க. அருமைநாயகம்