இந்தோனேசியா போகாமல் வந்துவிட்டேன், அக்கா

என் செல்லச் சண்டைக்காரி அக்காவுக்கு,

வந்துவிட்டேன். பெங்களூரில், தொம்மலூரில் நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதுகில் பை இல்லை. நாளைக்கு எந்த ஊர், எந்தப் பேருந்து என்ற யோசனை இல்லை. அப்பாடா என்று இருக்கிறது.

வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, கடைசியாக இந்தோனேசியா. ஆபீஸ் விட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு, செல்போனில் ஊர் சுற்றுபவர்களின் வீடியோக்களைப் பார்த்தபடி நீ சொல்லும் வரிசை இது. "ஒரு பைய மாட்டிக்கினு கெளம்பிடணும்டி, யாருக்கும் பதில் சொல்லக் கூடாது" என்பாய். டெங்கு ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு உனக்குப் பதிலாக நான் கிளம்பினேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பிடிக்கவில்லை, அக்கா.

மலைகள் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஹனோயில் ஒரே அறையில் பத்துப் பேர். மேல் கட்டிலில் படுத்திருந்தவன் விட்ட குறட்டையில் என் கட்டிலும் சேர்ந்து ஆடியது. துவைத்த துணி காயாமல் ஈர நாற்றத்தோடு பைக்குள் போகும். பக்கத்துப் படுக்கைக்காரியின் பெயர் மனதில் பதிவதற்குள் அவள் அடுத்த ஊருக்குப் போயிருப்பாள். லாவோஸில் வயிறு கெட்டுச் சுருண்டு கிடந்தேன்.

அங்கே எனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்த ஜெர்மன்காரப் பெண், எதற்காக இப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் அக்கா ரொம்ப தைரியசாலி என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு எப்படித் திரும்பி வருவது? அப்படிப்பட்டவளுக்குத் தங்கையாக இருந்துகொண்டு பாதியில் ஓடிவருவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன்.

பாங்காக்கில் சுத்தமாக முடியாமல் போனது. இந்தோனேசியாவுக்குப் போட வேண்டிய டிக்கெட்டை பெங்களூருக்குப் போட்டேன். விமானத்தில் வழி முழுக்க உன்னிடம் மன்னிப்புக் கேட்டபடியே வந்தேன். கோபமா?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் பெரிய பயம். அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, அக்கா ஆசைப்பட்டத முழுசா முடிக்காம வந்துட்டேன். அவளா இருந்தா போயிருப்பா."

"யாரு, அவளா?" அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "நீ காலேஜ் டூர் போயிருந்தப்ப அவள கம்பெனில ட்ரெயினிங்னு ஒசூருக்கு அனுப்பினாங்க. ஒரு வாரம் தங்கணும்னு ஊறுகா பாட்டில்லாம் எடுத்துக்கினு போனா. பாத்ரூம்ல யாரு முடியோ கெடக்குதுன்னு அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏறி வந்துட்டா. இதோ இருக்கிற ஒசூர்டி!"

"எங்கிட்ட யாருமே சொல்லலியே?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீ ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவியாம்."

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு அது அழுகையாகிவிட்டது. "சும்மா அழாத" என்று முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அவளுக்கு போறதுல இல்லடி சந்தோஷம், போறேன் போறேன்னு சொல்லிக்கினு இருக்கறதுல."

நீ போன நாளிலிருந்து உன்னை என்னவோ பெரிய வீராங்கனையாக்கி வைத்திருந்தேன், அக்கா. அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் இத்தனை மாதம் தவித்தேன். அப்படி ஒருத்தி நம் வீட்டில் இருந்ததே இல்லை. இங்கே இருந்தவள் பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். அவளை எப்படி மறந்தேன்?

நேற்று மத்தியானம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். நீ போன பிறகு இப்படித் தூங்கியதே இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உனக்குப் பதிலாக இனி எதையும் செய்ய மாட்டேன். உன்னைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். ஒசூர்க் கதையை ஒன்றுவிடாமல் சொல்வேன், அந்த முடி உட்பட. நீ பயந்தபடியேதான் நடக்கப்போகிறது. என் ஆயுசு முழுக்க உன்னைக் கிண்டல் பண்ணுவேன்.

நீ கத்தும்போதெல்லாம் துடைப்பத்தோடு ஓடிவந்த
உன் தங்கச்சி