தலையில் மட்டும் காற்று

மிர்யாங்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள மகள் ஹேரிமுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், ஏனென்றால் அது சரிதானா என்று உன்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பாள், உனக்குத் தெரியும். அதோடு எனக்குப் பேச வார்த்தை வராது. எழுதினால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல முடியும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதியோர் நலமையத்தில், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை நாட்காட்டியில் கூடுதலாக வரும் இந்த அதிக மாதத்தில், எல்லோருக்கும் ஆயுள் படம், அதாவது சாவன்று வைக்கும் படம், எடுத்துக் கொடுப்பதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதிக மாதத்தில் தெய்வங்கள் நம் பக்கம் திரும்புவதில்லை, சவத்துணி தைத்தாலும் சாவுக்கான படம் எடுத்தாலும் தோஷமில்லை, உண்மையில் ஆயுள் கூடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் மழையையும் காற்றையும் அளந்தவன் இதை நம்பலாமா என்று நீ கேட்பாய். நம்பவில்லை, ஆனாலும் பெயர் கொடுத்தேன். கடைசி நேரத்தில் நீ அங்கிருந்து ஓடி வந்து அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அலையக் கூடாது என்பதுதான் காரணம். ஒரு காகிதத்தில் ஏழு குறிப்பு எழுதிக்கொண்டேன். கோடு போட்ட சட்டை கூடாது, முடி வெட்டுவது மூன்று நாள் முன்பாக இருக்க வேண்டும், என் புது மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் கண் மறையும் என்பதால் பழைய கண்ணாடியையும் கொண்டுபோக வேண்டும், இப்படி. குளியலறைக் கண்ணாடியில் சிரித்தும் பழகினேன். பல் தெரிய ஒரு விதம், தெரியாமல் ஒரு விதம். எது நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினால், "ஏங்க, பல்லு வலிக்குதா?" என்றாள். நீயும் வா, இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்துக்கொள்வோம் என்று அவளைக் கூப்பிட்டேன். முகம் மாறிவிட்டது. "எனக்கு வேணாம். நீங்க போயிட்டு வாங்க. இதைப் பத்தி இனிமே கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியும்.

படம் எடுக்க நான்கு நாள் இருக்கும்போது, உன் கல்யாணத்தில் நான் கட்டிய சாம்பல் நிற டையைத் தேடி அலமாரியைத் திறந்தேன். குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் ஊதாத் துணியில் கட்டி ஒரு தட்டையான மூட்டை இருந்தது. யாரோ பண்டிகைக்குக் கொடுத்த பரிசுப் பெட்டி என்று நினைத்து முடிச்சை அவிழ்த்தேன். கறுப்புச் சட்டம் போட்ட படம். அதில் நான் இருந்தேன், ஹேரிம். என்னிடம் ஒரு நாளும் இல்லாத நீலக் கோட்டு, நான் கட்டியே இராத கருஞ்சிவப்பு டை, அதற்கு மேலே என் முகம். சாவு வீட்டில் முன்னால் வைக்கிற என் படத்தை நானே மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது முதலில் புத்தியில் ஏறவே இல்லை. வேறு யாரோ என்னைப்போல இருக்கிறார் என்றுதான் தோன்றியது. பிறகு முடியைப் பார்த்தேன். இடது பக்கத்து முடி மொத்தமும் மேலே எழும்பி நிற்கிறது. வினாடிக்கு எட்டு மீட்டராவது இருக்கும் அந்தக் காற்று. ஆனால் டை அசையவில்லை, கோட்டின் காலர் அசையவில்லை. தலையில் மட்டும் காற்றடிக்கிறது, கழுத்துக்குக் கீழே காற்றே இல்லை. அந்த முடியை எனக்குத் தெரியும். ஹாம்பர்க் துறைமுகத்தில் படகின் மேல்தட்டில் நீ எடுத்த படம் அது. உன்னிடம் மட்டும்தான் இருந்தது. கடைக்காரர் முகத்தை மட்டும் வெட்டிக் கோட்டின் மேல் ஒட்டியிருக்கிறார்.

பின்பக்கம் கடையின் முத்திரையும் தேதியும் இருந்தன. இரண்டு வருடம் முன்பு, ஏப்ரல் ஆறு. நான் வயிற்றில் அறுவை செய்துகொண்டது ஏப்ரல் பத்து. புண்தான், கொஞ்சம் வெட்டி எடுத்தால் போதும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அந்த வாரம் நீயும் திடீரென்று வந்தாய், கம்பெனியில் லீவு மிச்சம் இருக்கிறது என்றாய். என் படத்துக்கு அடியில் இருந்த இரண்டாவது சட்டத்தைத் தூக்கும் தைரியம் எனக்கு வரவே கொஞ்சம் நேரமானது. அது உன் அம்மா. அதே கடை, அதே தேதி. அவள் நேரில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது, வெட்டி ஒட்டவில்லை. கண் இரண்டும் வீங்கி, இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. அப்படியும் சிரிக்கப் பார்த்திருக்கிறாள். மூட்டையை முன்போலவே கட்டி, முடிச்சின் திசைகூட மாறாமல் வைத்துவிட்டேன்.

மூன்று நாள் காலையும் மாலையும் எடை பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன், சாப்பிட்டதை எழுதிவைத்தேன். அப்போது மறைத்தவர்கள் இப்போதும் மறைப்பார்கள் அல்லவா. ஆனால் உண்மையைச் சொன்னால் என் மேலும் தவறு இருக்கிறது. மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவன், ஆஸ்பத்திரியில் நீட்டிய தாள்களை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

நேற்றுக் காலை எதிர் வீட்டு யோங்சிக் என்னைக் கூட்டிப் போக வந்தார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் நின்று என்னைப் பார்த்ததும், "என்ன வானிலைக்காரரே, சாவுக்குப் போட்டோ புடிக்கப் போறவன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு அவரே யோசித்து, "அட, அதுக்குத்தானே போறோம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சீப்பை நனைத்து என் இடப்பக்க முடியைப் படிய வைத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு தண்ணி வெச்சாலும் எழும்புது பாருங்க" என்றாள். ஹாம்பர்க் காற்று என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவள் கை நின்றுவிட்டது. சீப்பிலிருந்து தண்ணீர் என் காதில் சொட்டியது. யோங்சிக் சூழ்நிலை புரிந்து, பஸ் நிறுத்தத்தில் நிற்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அம்மா அழவில்லை. எனக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். "டாக்டர் நாப்பதுக்கு அறுபதுன்னு சொன்னார். பொழைக்கறதுக்கு நாப்பதா, போறதுக்கு நாப்பதான்னு கேக்க எனக்கு நாக்கு எழும்பல. அப்பவும் அதிக மாசம், அது முடியறதுக்குள்ள எடுத்து வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஹேரிம் அழுதுக்கிட்டேதான் அந்தப் படத்தை அனுப்பினா, அவளைத் திட்டாதீங்க." அவள் படத்தையும் ஏன் எடுத்தாள் என்று கேட்டேன். "உங்களை அந்தக் கடையில தனியா விட்டுட்டு வர மனசு வரல. காத்திருந்த நேரத்துல நானும் உக்காந்தேன்" என்றாள். வேலையில் இருந்த நாளெல்லாம், இன்று மழைக்கு நாற்பது சதவீதம் என்று நான் சொன்னால் இவள் குடை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவாள், அறுபது சதவீதம் மழை இல்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். அதே குடையைத்தான் இவள் போர்வைக்குப் பின்னால் இரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறாள். இப்போது எப்படி என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரிப்போர்ட்டை நான்தானே வாங்கறேன். சுத்தமா இருக்கு" என்றாள்.

நலமையத்துக்குப் பழைய கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள மட்டும் வருகிறேன் என்று சொல்லி அவளும் கூட வந்தாள். என் முறை பதினான்கு. படம் எடுக்கும் பெண், "தாத்தா, தோளைக் கீழ விடுங்க, பரீட்சை எழுத வந்த மாதிரி இருக்கீங்க" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி எடுத்துக்கொள்ளாமல் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம், காது இரண்டும் சுட்டது. அந்த அறையில் முப்பது பேராவது இருந்தார்கள். யோங்சிக்தான் எழுந்து, "ஹேரிம் அம்மா, உக்காந்துடுங்க. முப்பது வருஷமா எதிர் வீட்டுல இருக்கேன், இவரு வாயில 'மாட்டேன்'ங்கற வார்த்தைய இன்னைக்குத்தான் கேக்கறேன். இன்னொரு தடவ சொல்ல வெச்சா மனுஷன் மயக்கம் போட்டுடுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பூப்போட்ட வீட்டுச் சட்டையில் வந்திருந்தாள், அதற்கு மேல் மையத்தில் வைத்திருந்த வெளிர் பச்சை மேலங்கியைப் போட்டுவிட்டார்கள். நாடாவை நான்தான் கட்டினேன், கோணலாகத்தான் வந்தது. குனிந்தபோது என் காதில் மட்டும், "கண்ணு வீங்கியிருக்கா?" என்று கேட்டாள். இரண்டு கண்ணையும் நன்றாகப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். பிறகு நான் உட்கார்ந்தேன். முடி மறுபடி எழும்பியது, அவள் சீப்போடு ஓடி வந்தாள், இருக்கட்டும் விடு என்றேன்.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அம்மா சுத்தமாக இருக்கிறது என்கிறாள். நான் நம்புகிறேன், ஆனால் அவள் என்னிடம் சொல்வதையும் உன்னிடம் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் தூங்க முடியாது. உனக்குத் தெரிந்ததை எனக்கு அப்படியே எழுது. நாற்பது என்றால் நாற்பது என்றே எழுது, எனக்காக அதை ஐம்பது ஆக்காதே. உறையின் மேல் என் பெயரை மட்டும் போடு, மத்தியானத் தபாலை நான்தான் எடுக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாரம் நீ எனக்கு ஆப்பிள் சீவிக் கொடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே பேசியது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நெத்திலிக் கருவாடும் மிளகாய்ப் பொடியும் அம்மா அனுப்பியிருக்கிறாள், வந்ததும் பொடியைக் குளிர்பெட்டியில் வை, போன முறை போல வண்டு விழ விட்டுவிடாதே. மாப்பிள்ளையைச் சைக்கிளில் மெதுவாகப் போகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

புதுப் படங்கள் அடுத்த வாரம் வருகின்றன. எங்கள் கடைசி நாள் வரும்போது அம்மாவுக்கு அந்த வெளிர் பச்சைப் படத்தையே வை. எனக்கு எதை வைத்தாலும் சரி, காற்றடிக்கிற படமானாலும் சரி. ஆனால் கண் வீங்கிய அந்தப் படத்தைத் தேடாதே. அம்மா அதைக் கிழித்துப் போடச் சொன்னாள், கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அது யாரும் வணங்குவதற்காக எடுத்த படம் இல்லை, எனக்குரியது. என்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது என்னோடு அதையும் வைத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜேகொன்